இலவச வீடியோ கூட்டம்: சரக்கு இலவசம், கிடங்கு வாடகை நம்முடையது

நாமக்கல்லிலிருந்து ஒரு வணிகர் சேலத்தில் நடக்கும் சங்கக் கூட்டத்துக்குப் பஸ் ஏறினால், அரை நாள் வியாபாரம் போயிற்று. வீடியோ கூட்டம் அந்த நஷ்டத்தைத் தவிர்க்கும். இதற்கு இலவச மென்பொருள் உண்டா என்று கேட்போருக்கு, ஜிட்சி என்பது ஒரு நல்ல பதில்.

இதை 2003-இல் பிரான்சின் ஸ்ட்ராஸ்பர்க் பல்கலைக்கழக மாணவர் எமில் இவோவ் தொடங்கினார். 2018 முதல் 8x8 என்ற அமெரிக்க நிறுவனத்தின் பொறுப்பில் உள்ளது. மசாலாப் பொடியின் பக்குவத்தை எழுதியே கொடுத்துவிட்டதைப் போல, இதன் நிரலை யாரும் பார்க்கலாம், திருத்தலாம், தம் கம்ப்யூட்டரிலேயே நிறுவலாம். தமிழகத்தில் காஞ்சி லினக்ஸ் பயனர் குழு தன் வாராந்தரக் கூட்டங்களை இதில் நடத்தி வந்திருக்கிறது.

சரி, குறை என்ன? கூட்டத்தை நடத்தும் சர்வர் பகுதி ஜாவாவைச் சார்ந்து இயங்குவது. ஜாவா நேரடியாக ஓடாது. அதற்கென்று ஒரு இயந்திர மென்பொருள் இடையில் ஓட வேண்டும். அதனால் நினைவகம் அதிகம் பிடிக்கும். பயன்படுத்திய இடத்தையும் உடனுக்குடன் காலி செய்யாது. காலிச் சாக்குகளைக் கடையிலேயே குவித்து வைத்து, பிறகு மொத்தமாக ஒதுக்குவது போன்ற பழக்கம் அது. ஒதுக்கும் நேரத்தில் வாடிக்கையாளர் காத்திருக்க நேரும். வீடியோவிலோ பேச்சு விட்டுவிட்டுக் கேட்கும். புதிய ஜாவா பதிப்புகளில் இந்தத் தாமதம் வெகுவாகக் குறைந்துள்ளது.

நிறையும் உண்டு. பார்சல் சர்வீஸில் மூட்டையைப் பிரிக்காமலே வண்டி மாற்றி அனுப்புகிறார்கள் அல்லவா? ஜிட்சி சர்வரும் படங்களை ஒன்றாகக் கலக்காமல் அப்படியே திருப்பி அனுப்புகிறது. ஆகவே வேலைப் பளு குறைவு. நம் செல்போனிலும் ஜாவாவைத் தனியாக நிறுவ வேண்டியதில்லை. பாரம் முழுவதும் சர்வர் வைத்திருப்பவர் தலையில்தான்.

எனவே சங்கங்கள் கணக்குப் பார்த்தே இறங்க வேண்டும். சொந்த சர்வருக்கு 8 ஜி.பி. நினைவகம் என்பது வழக்கமான பரிந்துரை; சிறு கூட்டங்களுக்கு 4 ஜி.பி. போதும். மலிவு என்று 1 ஜி.பி. சர்வரை வாடகைக்கு எடுத்துவிட்டு மென்பொருளைக் குறை சொல்லிப் பயனில்லை. நல்ல இணைய வேகமும், பராமரிக்க விவரம் தெரிந்த ஒருவரும் அவசியம்.

அவ்வளவு முடியாதவர்கள் ஜிட்சியின் பொதுத் தளத்தையே பயன்படுத்தலாம். 2023 ஆகஸ்ட் முதல் அங்கு கூட்டத்தைத் தொடங்குபவர் கணக்கு வைத்து உள்நுழைய வேண்டும். மற்றவர்களுக்கு அது தேவையில்லை. ஆனால் ஒன்றை மறக்கக் கூடாது: முழு மறையாக்க வசதியைப் போடாவிட்டால், பேச்சு சர்வரில் மறை நீங்கியே கடந்து போகும். கொள்முதல் விலையும் கடன் பாக்கியும் பேசும் கூட்டம் யாருடைய சர்வரில் நடக்கிறது என்பது வணிகருக்குச் சிறு விஷயமல்ல.

பொதுக் கூட்டத்துக்குப் பொதுத் தளம். விலை பேசும் கூட்டத்துக்குச் சொந்த சர்வர். உறுப்பினர்கள் பங்கிட்டால் அந்த வாடகை ஒரு கடைக்குப் பாரமாக இராது.