கண்ணாடிக்குள் ஒரு வயல்: ஏழு வருடத் தொட்டி சொல்லும் மண் கணக்கு

மண்ணுக்குள் என்ன நடக்கிறது என்று நாம் நிறையப் பேசுகிறோம். ஆனால் பார்ப்பது குறைவு. மண்வெட்டியால் ஒரு கட்டியைப் புரட்டினால் மண்புழு தெரியும், வேர் தெரியும், அதோடு சரி. ஒரே மண்ணைப் பக்கவாட்டில் இருந்து வருடக்கணக்கில் பார்த்துக்கொண்டிருக்க எனக்குத் தெரிந்து எளிய வழி ஒன்றுதான். அது செடி வளர்க்கும் மீன் தொட்டி.

"மீன் தொட்டியா? அது டவுன்காரர் பொழுதுபோக்கு. உழவர் பத்திரிகையில் அதற்கு என்ன வேலை?" என்று கேட்பீர்கள். நீலக் கல்லும் பிளாஸ்டிக் செடியும் போட்ட தொட்டியை நான் சொல்லவில்லை. அடியில் ஏரி வண்டல், மேலே மணல், அதில் வேர்விட்ட செடிகள், கொஞ்சம் மீன். இந்தத் தொட்டி நெல் வயலுக்கு நெருங்கிய சொந்தம். இரண்டுமே தண்ணீர் நிற்கும் மண்.

இதிலும் இரண்டு வழி உண்டு

செடித் தொட்டி உலகில் பெரிய பெயர் ஜப்பானின் தகாஷி அமானோ. புகைப்படக்காரர். தண்ணீருக்குள் காடும் மலையும் போன்ற காட்சிகளை உருவாக்கினார். 2015இல் அவர் காலமானார். அதே வருடம் போர்ச்சுகலின் லிஸ்பன் நகரில் அவர் அமைத்த தொட்டி 40 மீட்டர் நீளம், 1,60,000 லிட்டர் கொள்ளளவு. அவர் வழியில் கரியமில வாயுவைக் குழாய் வழியாகச் செலுத்த வேண்டும், திரவ உரம் ஊற்ற வேண்டும், பலமான விளக்கு வேண்டும், அடிக்கடி தண்ணீர் மாற்றிச் செடியைக் கத்தரிக்க வேண்டும். அழகு அபாரம்தான். ஆனால் கை ஓயக்கூடாது.

இன்னொரு வழியைச் சொன்னவர் அமெரிக்காவின் டயானா வால்ஸ்டாட். நுண்ணுயிரியல் படித்தவர். 1999இல் 'இக்காலஜி ஆஃப் த பிளான்டட் அக்வேரியம்' என்ற புத்தகம் எழுதினார். சுமார் ஒரு அங்குலம் சாதாரண மண், அதன் மேல் ஒரு அங்குலம் மணலோ சரளையோ, நிறையச் செடி, அளவான வெளிச்சம், மீனுக்குப் போடும் தீனி. அவ்வளவுதான். மண்ணில் மட்கும் பொருளே செடிக்குக் கரியமில வாயு தரும். தீனியும் மீன் கழிவுமே உரம். படித்ததும் "இது நம்ம கட்சி" என்று தோன்றியது.

பேங்க் வேலையில் ஓய்வு பெற்று நிலத்துக்கு வந்த பிறகு, தோட்டத்து வீட்டுத் திண்ணையில் 3 அடி நீளத் தொட்டி ஒன்று வைத்தேன். இப்போது ஏழு வருடம் ஆகிறது. பழக்கதோஷம், நாள் வாரியாக ஒரு நோட்டும் போட்டு வருகிறேன். அதிலிருந்துதான் இதை எழுதுகிறேன்.

முதல் ஆறு வாரம்: கலங்கல்

நீருக்குள் போன மண் முதலில் அம்மோனியாவை விடும். தண்ணீர் தேயிலை நிறமாகும், பிறகு பால் ஊற்றியது போல மங்கும். அந்த மங்கல் பாக்டீரியா பெருகுவதால் வருவது. ஒருவகை பாக்டீரியா அம்மோனியாவை நைட்ரைட்டாக்கும், இன்னொரு வகை நைட்ரைட்டை நைட்ரேட்டாக்கும். முதல் இரண்டும் மீனுக்கு விஷம். மூன்றாவது அந்த அளவுக்கு மோசமில்லை. இந்தச் சங்கிலி நிலைபெற நாலு முதல் ஆறு வாரம் வேண்டும். அதுவரை மீன் விடக்கூடாது. செடிகளும் சும்மா இருப்பதில்லை. பல நீர்ச்செடிகள் நைட்ரேட்டை விட அம்மோனியத்தைத்தான் முதலில் எடுக்கும்.

இங்கே ஒரு எச்சரிக்கை. தொட்டி மண்ணில் புதுச் சாணமும் பச்சைத் தழையும் கலக்காதீர்கள். தழையை மிதித்த மறுநாளே நாற்று நட்டால் வயலில் குமிழி கிளம்பி வேர் திணறுமே, அதேதான் இங்கேயும் நடக்கும்.

கலங்கல் தெளியும்போது கண்ணாடியில் பழுப்புப் பாசி படியும். அடுத்து பச்சைப் பாசி நூல் நூலாக வரும். பார்க்கிறவர்கள் எல்லாரும் "ஏதாவது மருந்து ஊத்தலாமே சார்" என்பார்கள். கடையில் மருந்தும் இருக்கிறது. ஆனால் தண்ணீரில் சத்து மிச்சம் இருக்கிறது, அதை எடுக்கச் செடி இன்னும் போதவில்லை என்பதைத்தான் பாசி சொல்கிறது. பாசியைக் கொன்றால் அதிலிருந்த சத்து திரும்பத் தண்ணீருக்கே வரும், அடுத்த பாசிக்கு அது தீனி. நான் செய்தது, கையால் சுருட்டி எடுத்து மட்குக் குழியில் போட்டேன், ஹைட்ரில்லாவை இன்னும் நாலு கொத்து நட்டேன், மேலே ஆகாயத்தாமரைக் குட்டிகளை மிதக்க விட்டேன். மிதக்கும் செடிக்குக் கரியமில வாயு காற்றிலிருந்தே கிடைக்கும், அதனால் சத்தை வேகமாக இழுக்கும். மூன்றாம் மாதம் பாசி தானாக ஒதுங்கியது.

முதல் வருடம்: வேகக்காரர்கள்

அடுத்த பல மாதம் ஹைட்ரில்லாவின் ஆட்சி. வாராவாரம் வெட்டினேன். வாய்க்காலில் பிடித்த பொடி மீன்கள் பத்து விட்டிருந்தேன். செடியோடு வந்த கூம்பு வடிவ நத்தைகள் மணலுக்குள் புகுந்து புகுந்து வெளியே வந்தன. மண்புழுவின் வேலை அங்கே அவற்றுக்கு.

கண்ணாடி ஓரம் உட்கார்ந்து பார்த்தால் மண் அடுக்கு அடுக்காகத் தெரியும். மேலே பழுப்பு, கொஞ்சம் கீழே சாம்பல், சில இடத்தில் கறுப்பு. மேல் சில மில்லிமீட்டரைத் தாண்டினால் காற்று இல்லை. அங்கே இருக்கும் பாக்டீரியா நைட்ரேட்டை நைட்ரஜன் வாயுவாக்கி வெளியே விட்டுவிடும். மண்ணிலுள்ள இரும்பு கரையும் வடிவத்துக்கு மாறி வேருக்குக் கிடைக்கும். இன்னும் காற்றில்லாமல் போனால் அழுகிய முட்டை நாற்றம் வரும் வாயு உண்டாகும், அது வேருக்கு ஆகாது. ஆனால் வாலிஸ்னேரியா மாதிரிச் செடிகள் இலையிலிருந்து காற்றை வேருக்கு இறக்கி, வேரைச் சுற்றி ஒரு பழுப்பு வளையம் போட்டுக்கொள்கின்றன. நெல் வேரில் செம்பழுப்பாகத் துரு படிந்திருக்குமே, அதே கதைதான். வயலில் பிடுங்கினால்தான் தெரியும். இங்கே பிடுங்காமலே தெரிகிறது.

இரண்டு முதல் நாலு வருடம்: நிதானக்காரர்கள்

கிரிப்டோகொரைன் என்று ஒரு செடி. இந்தியாவிலும் இலங்கையிலும் ஓடைக்கரைகளில் இயல்பாக வளரும் குடும்பம். நட்ட சில நாளில் இலையெல்லாம் கரைந்து கூழாகிவிடும். செத்துப்போச்சு என்று பலர் பிடுங்கி எறிந்துவிடுவார்கள். வேர் உயிரோடு இருக்கும், சில வாரத்தில் புது இலை விடும். முதல் வருடம் முழுக்க என் தொட்டியில் அது ஒரு மூலையில்தான் கிடந்தது. தண்ணீரில் இருந்த சத்து குறையக் குறைய, தண்ணீரை நம்பிய ஹைட்ரில்லா மெலிந்தது, மண்ணை நம்பிய கிரிப்டோகொரைன் பரவியது. மூன்றாம் வருடம் தொட்டியில் பாதி அதுதான். நான் எதையும் மாற்றி நடவில்லை.

மூன்றாம் கோடையில் கண்ணாடி விளிம்பில் வெள்ளைக் கோடு விழுந்தது, வாலிஸ்னேரியா இலையிலும் சுண்ணாம்புப் படிவு. எங்கள் போர் தண்ணீர் கடினமானது. ஆவியாவது தண்ணீர் மட்டும்தான், உப்பு தொட்டியிலேயே தங்கும். மேலும் மேலும் அதே தண்ணீரை ஊற்றினால் உப்பு ஏறத்தான் செய்யும். வடிகால் இல்லாத நிலம் உவராவது இப்படித்தான். அன்றிலிருந்து ஆவியான அளவுக்குக் கூரையில் பிடித்த மழைநீரைத்தான் ஊற்றுகிறேன்.

ஐந்தாம் வருடத்துக்குப் பிறகு: வரவு செலவு

தொடக்கத்தில் மண்ணில் இருந்த மட்கு கரைந்து முடியும். செடி வளர்ச்சி குறையும். தினம் போடும் தீனிதான் இனி வரவு, வெட்டி எடுக்கும் செடிதான் செலவு. வரவு அதிகமானால் பாசி, செலவு அதிகமானால் இலை வெளுக்கும். இப்போது மாதம் ஒருமுறைதான் கத்தரிக்கோல் எடுக்கிறேன். வெட்டிய செடி மட்குக்குழிக்குத்தான் போகும், ஒரு துண்டுகூட ஏரிக்கோ வாய்க்காலுக்கோ போகாது. அழகுக்காகக் கொண்டுவந்த வெங்காயத்தாமரை நம் ஏரிகளை என்ன செய்தது என்று உங்களுக்கே தெரியும். தொட்டி சுத்தம் செய்யும் மீன் என்று விற்கிற முள் மீனும் அப்படித்தான் நீர்நிலைகளில் புகுந்தது.

தொட்டி காத்திருக்கும், தவணை காத்திருக்காது

போன வருடம் பக்கத்து ஊர்த் தம்பி ஒருவர் வந்தார். என்ஜினீயரிங் படித்தவர், இரண்டு ஏக்கர் குத்தகை, இரசாயனத்தை விட்டு இரண்டாவது போகம். "நெல் மஞ்சளாவே நிக்குது சார். ஒரு மூட்டை யூரியா போட்டுடலாமான்னு இருக்கு" என்றார். நோட்டை எடுத்துக் காட்டினேன். ஆறு வாரக் கலங்கல், மூன்று மாதப் பாசி, இரண்டாம் வருட மாற்றம் எல்லாம் தேதியோடு இருந்தது. பொறுமையாகப் படித்துவிட்டு, "உங்க தொட்டிக்கு லோன் இல்லையே சார்" என்றார்.

அவர் கேட்டது நியாயம். தென்னைக்கும் மாவுக்கும் கடன் கொடுக்கும்போது காய்ப்புக்கு வரும்வரை தவணை கேட்க மாட்டோம். மண் மாறும் காலத்துக்கு அப்படி ஓர் அவகாசத்தை என் பணிக்காலத்தில் எந்தப் படிவத்திலும் நான் பார்த்ததில்லை. இயற்கை விளைபொருள் சான்றிதழுக்கே ஆண்டுப் பயிருக்கு இரண்டு வருடம், பல்லாண்டுப் பயிருக்கு மூன்று வருடம் மாறுதல் காலம் கேட்கிறார்கள். அந்தக் காலத்தின் செலவை மட்டும் உழவர் தனியாகத் தாங்குகிறார். இதை நம் இயக்கம் பேங்குகளிடம் கேட்க வேண்டும்.

அதுவரை என்ன செய்வது? அவரிடம் சொன்னதையே இங்கும் சொல்கிறேன். கடன் உள்ளவர் மொத்த நிலத்தையும் ஒரே போகத்தில் மாற்ற வேண்டாம். அரை ஏக்கரில் தொடங்கி, அதற்கு ஒரு நோட்டுப் போடுங்கள். என்ன போட்டோம், என்ன எடுத்தோம், என்ன களை வந்தது, எப்போது போனது என்று எழுதுங்கள். மஞ்சளாவதற்குச் சத்துக் குறைவு காரணமா, வடிகால் காரணமா என்று வேரைப் பிடுங்கிப் பாருங்கள். கறுத்து நாற்றம் அடித்தால் தண்ணீரை வடித்து மண்ணைக் காயவிடுங்கள். அவர் நாற்றைப் பிடுங்கியபோது வேர் கறுப்பாகத்தான் இருந்தது. தண்ணீரை வடித்து மூன்று நாள் காய விட்டார். யூரியா மூட்டை வாங்கவில்லை. அந்த போகம் அவருக்கு லாபம் இல்லை, நஷ்டமும் இல்லை. இந்த வருடம் ஒரு ஏக்கரைத்தான் இயற்கையில் வைத்திருக்கிறார், மீதியை அடுத்த வருடம் மாற்றப் போகிறார்.

பிள்ளைகள் இருக்கும் வீட்டில் ஒரு சின்னத் தொட்டி வையுங்கள். பழைய கண்ணாடி ஜாடியே போதும். இரண்டு அங்குலத்துக்கு மண்ணும் மணலும், வாய்க்கால் செடி நாலு, நத்தை இரண்டு. ஜாடி சிறியதென்றால் மீன் வேண்டாம். வெயில் நேரே படாத, வெளிச்சமுள்ள ஜன்னல் ஓரம் வையுங்கள். கலங்கும், பாசி பிடிக்கும், பிறகு தெளியும். பிள்ளைகளோடு நீங்களும் உட்கார்ந்து பாருங்கள்.