தேயிலைத் துகள் காட்டிய இடம்

அழுத்தத்துடன் அடைபட்டிருக்கும் வாயு எந்தச் சந்தில் வெளியேறுகிறது என்று அறிய நாம் சைக்கிள் டியூபை வாளித் தண்ணீரில் அமிழ்த்துகிறோம். சமையல் சிலிண்டரின் வாயில் சோப்பு நீரைத் தடவுகிறோம். ஆனால் குமிழி கிளம்புவது வாயு வெளிவரும் பக்கத்தில் அல்லவா? அந்தப் பக்கம் காற்றே இல்லாத சூனியமாக இருந்து, தேடுகிறவரும் உள்ளேயே அடைபட்டிருந்தால், இந்த எளிய உபாயம் பயன்படாது.

பூமிக்கு மேலே சுமார் 400 கிலோமீட்டர் உயரத்தில், கடல் மட்டத்தில் நாம் சுவாசிக்கும் அதே அழுத்தத்தில் காற்றை நிரப்பிக்கொண்டு சுற்றிவரும் சர்வதேச விண்வெளி நிலையத்தில் இந்தச் சங்கடம் நேர்ந்தது. 2019 செப்டம்பரில் சிறிதாகத் தென்பட்ட கசிவு அடுத்த ஆண்டில் அதிகரிக்கவே, 2020 ஆகஸ்டில் அங்கிருந்த மூவரும் ரஷ்யப் பகுதியிலுள்ள ஸ்வெஸ்தா என்னும் அறைத்தொகுதியில் ஒதுங்கி, ஏனைய அறைகளின் கதவுகளையெல்லாம் அடைத்து, எந்த அறையில் அழுத்தம் இறங்குகிறது என்று கவனித்தார்கள். ஒன்றிலும் இறங்கவில்லை. பிற்பாடு செய்த சோதனைகளில்தான், அவர்கள் அடைக்கலம் புகுந்த ஸ்வெஸ்தாவிலேயே கசிவு இருந்தது புலப்பட்டது.

அதன் பின்கோடியில் உள்ள சிறு அறையில் இன்ன இடம் என்று குறிப்பாகக் காட்டியது, எனக்கு இன்றளவும் வியப்பும் மகிழ்ச்சியும் தரும் ஒரு பொருள்: தேயிலை. அக்டோபரில், அம்மூவரில் ஒருவரான ரஷ்ய விண்வெளி வீரர் அனத்தோலி இவானிஷின் ஒரு தேயிலைப் பொட்டலத்தைப் பிரித்து, துகள்களை அவ்வறையில் மிதக்கவிட்டு, காமிராக்களைப் பொருத்திக் கதவைச் சார்த்திவிட்டார். தரையில் பொத்தென்று உதிர்ந்துவிடும் அத்துகள், எடையற்ற அவ்விடத்தில் அந்தரத்தில் நின்று, கன்னத்தில் பட்டாலும் நாம் உணராத அத்தனை மெல்லிய காற்றோட்டத்துக்குக்கூட இணங்கி நகர்ந்து, சுவரில் கீறல் போலக் கிடந்த ஒரு விரிசலை நாடிச் சென்றது.

விரிசலின்மேல் முதலில் காப்டன் என்னும் ஒட்டுநாடாவை ஒட்டினார்கள். பின்னர்ப் பசையும் பூசினார்கள். ஆயினும் கசிவு முற்றும் நிற்கவில்லை; வேறு விரிசல்களும் தென்பட்டன. 2000ஆம் ஆண்டு ஜூலையில் ஏவப்பட்ட ஸ்வெஸ்தாவின் உலோகச் சுவர் ஏன் விண்டது என்பதில் ரஷ்யப் பொறியாளரும் அமெரிக்கப் பொறியாளரும் ஒருமித்த முடிவுக்கு வரவில்லை. இடைக்காலத்தில், அவசியமில்லாத வேளைகளில் அச்சிற்றறையின் கதவை மூடியே வைப்பது என்று ஏற்பாடாயிற்று.