சாராயத்துக்குப் பதில் என்ன கொடுக்கலாம்?

2023 மே மாதம் நம்ம மாவட்டம் மரக்காணம் பக்கம் எக்கியார்குப்பத்தில் மெத்தனால் கலந்த சாராயம் குடித்து பத்துக்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். மெத்தனால் கண்ணைப் பறிக்கும், உயிரையும் பறிக்கும்.

குடியை விட நினைப்பவருக்கு, சீசனில் பதநீர் வாங்கிக் கொடுக்கலாம். கலயத்தின் உள்ளே சுண்ணாம்பு தடவி இறக்கினால் புளிக்காது, போதையும் இருக்காது. சுண்ணாம்பு இல்லாவிட்டால் அதுவே கள்ளாகிவிடும். அதனால் தெரிந்தவரிடம் காலையிலேயே வாங்குவோம். சர்க்கரை நோய் உள்ளவருக்கு வேண்டாம்.

ஆனால் பதநீர் மருந்து இல்லை. தினமும் அதிகம் குடித்தவர் திடீரென நிறுத்தினால் கை நடுங்கும், வலிப்பும் வரலாம். முதலில் அரசு மருத்துவமனைக்கு அழைத்துப் போகணும். 'அவருக்குத் தெரியாமல் சோற்றில் கலந்து கொடுங்க' என்று விற்கும் பொடியை நம்பவே கூடாது. அது உயிருக்கே ஆபத்து.

இலவச ஆலோசனைக்கு 14446 எண்ணுக்குப் பேசலாம். அடுத்த குழுக் கூட்டத்தில் இதை எல்லோருக்கும் சொல்வோம்.