காவிரிக் கரையில் எந்த மரம் எங்கே?

வயல் சூழ்ந்த நிலத்துக்கு மருதம் என்று ஒரு மரத்தின் பெயரையே நம் முன்னோர் வைத்தார்கள். நிலத்தைச் சொன்னால் மரம் தெரியும், மரத்தைச் சொன்னால் நிலம் தெரியும் என்பது அதன் உட்பொருள். வெல்லக் கொள்முதலுக்காக மண்டியா, ஸ்ரீரங்கப்பட்டணம் பக்கம் பல வருஷம் அலைந்த எனக்கு, இதைக் காவிரிக் கரையே பாடமாகச் சொல்லிக் கொடுத்தது.

ஆறு ஒன்றுதான். ஆனால் கரையில் நிற்கும் செடிகொடிகள் இடத்துக்கு இடம் மாறுகின்றன. இதற்கு முக்கியக் காரணம் மூன்று: நிலத்தின் சரிவு, பள்ளத்தாக்கின் அகலம், அடியில் கிடப்பது பாறையா மண்ணா என்பது. சரிவு கூடினால் தண்ணி வேகமெடுக்கும். மணலும் வண்டலும் தங்காது. சரிவு குறைந்தால் இரண்டும் படியும். எது படிகிறதோ அதற்கேற்ற விதைதான் அங்கே முளைக்கும்.

தலைக்காவிரி கடல் மட்டத்துக்கு மேல் சுமார் 1,276 மீட்டர் உயரம். குடகு மலையில் ஓடைகள் குறுகலாக இறங்குகின்றன. இருகரை மரங்களும் மேலே கைகோத்து நிழல் தருகின்றன. ஓடைப் பாறை இடுக்கில் அலரி இலை போன்ற நீண்ட இலையுள்ள ஒரு புதர் வேரூன்றி நிற்கும். தாவர நூலார் அதை ஹோமோனோயா என்பர். வெள்ளம் வந்தால் ஒடியாது, வளைந்து கொடுக்கும். குசால்நகர் பக்கம் நிலம் சமமாகிறது. அங்கே நிசர்கதாமத் தீவில் மூங்கில் அடர்ந்திருக்கிறது. அதற்கும் கீழே ரங்கனதிட்டுத் தீவுகளில் நீர்மருதும் தாழையும் பறவைகளுக்கு இடம் கொடுக்கின்றன.

சிவசமுத்திரத்தில் ஆறு அருவியாகக் குதித்தபின் காட்சியே வேறு. சங்கமம் முதல் ஒகேனக்கல் வரை இருபுறமும் வறண்ட மலை. கோடையில் இலை உதிர்ந்து சாம்பல் நிறமாக நிற்கும் அந்தக் காட்டின் நடுவே, ஆற்றோரம் மட்டும் ஒரு பச்சை நாடா போல நீர்மருது, நாவல், புங்கை, புளி. வேர் எட்டும் ஆழத்தில் ஈரம் இருப்பது அந்தக் குறுகிய பட்டையில்தான். மேகதாதுவில் பாறை ஆற்றை இன்னும் நெருக்குகிறது. வெள்ளம் மண்ணை அரித்துக்கொண்டு போவதால் நீரோரத்தில் பெரிய மரத்துக்கு இடமேயில்லை.

இங்கே ஒரு வேடிக்கை. நீர்மருதைக் கன்னடத்தார் ஹொளெமத்தி என்கிறார்கள்; ஹொளெ என்றால் ஆறு. அதன் உடன்பிறப்பான கருமருது, அவர்களுக்கு வெறும் மத்தி. அண்ணன் மலைச்சரிவில், தம்பி ஆற்றோரத்தில். ஒரே குடும்பத்தை நிலம் இப்படிப் பாகம் பிரித்து வைத்திருக்கிறது. இந்த ஆற்றோரக் கிளைகள் ஒன்றோடொன்று தொட்டு நின்றால்தான் நரை அணில் தரையிறங்காமல் நடமாட முடியும். 2022-இல் தமிழக அரசு அறிவித்த காவிரி தெற்கு வனவிலங்குச் சரணாலயத்தில் அதுவும் வாழ்கிறது.

டெல்டாவில் சரிவு போய்விடுகிறது. மணல் திட்டில் நாணல், தேங்கிய சேற்றில் கோரை. கடலோரம் உப்புத் தண்ணி ஏறுமிடத்தில் முத்துப்பேட்டை அலையாத்திக் காடு. அதன் மரங்கள் மூச்சுவிட வேரை மேலே நீட்டுகின்றன.

1934-இல் மேட்டூர் அணை எழுந்தபின் வெள்ளமும் வண்டலும் பெருமளவு தடைப்பட்டன. புதுத் திட்டு உருவாவது குறைந்தால், அதில் முளைக்கும் நாற்றுக்கும் இடம் குறையும். காய்ந்து கிடக்கும் ஆற்றுப் படுகையில் சீமைக்கருவேலம் புகுந்துவிடுகிறது.

எங்கள் சமணத்தில் மரம் ஓரறிவுயிர். தொல்காப்பிய மரபியலும் அவ்வாறே வகுக்கிறது. பொருந்தாத இடத்தில் நட்டுச் சாகவிடுவதும் ஒருவகை ஹிம்சைதான். ஆகவே கரையோரம் கன்று நடப் புறப்படும் அன்பர்கள், நர்சரிக்குப் போவதற்கு முன் கரைக்குப் போங்கள். சரிவைப் பாருங்கள், மண்ணைக் கையில் எடுங்கள், வெள்ளம் எதுவரை ஏறும் என்று ஊர்ப் பெரியவரைக் கேளுங்கள், பக்கத்தில் தானாக முளைத்து நிற்பது எது என்று கவனியுங்கள். நட வேண்டியதும் அதுவே.