மூப்பும் முழக்கமும்

இசையைக் கேட்பதற்குச் செவி போதும். கச்சேரியை அனுபவிப்பதற்கோ கண்ணும் வேண்டும். பாடகர் பக்கவாத்தியக்காரரை நோக்கிச் செய்யும் சிறு தலையசைப்பை இசைத்தட்டால் தர இயலாது. ஊரைப் பிரிந்து தொலைவில் வாழ்ந்து, மார்கழிக் கச்சேரிகளை வானொலி வாயிலாகவே கேட்டு மகிழும் நேயர்கள் இக்குறையை நன்கறிவர். திரைப்படம் இதனை எந்த அளவுக்கு நீக்கவல்லது என்பதற்கு, மேனாட்டு 'ராக்' இசையிலிருந்து ஓர் உதாரணம் காண்போம்.

'ரோலிங் ஸ்டோன்ஸ்' என்னும் இசைக்குழு 1962-ஆம் ஆண்டு லண்டனில் தோன்றியது. 2005 முதல் 2007 வரை அக்குழுவினர் உலகின் பல நாடுகளில் சுற்றுப்பயணம் செய்தனர். 2006 பிப்ரவரியில் பிரேசில் நாட்டு ரியோ நகரக் கடற்கரையில் அவர்கள் இலவசமாக நடத்திய கச்சேரிக்குப் பத்து லட்சத்துக்கும் மேற்பட்டோர் திரண்டனர் என மதிப்பிடப்பட்டது.

ஆயினும், அப்பயணத்தின்போது அவர்களைப் படமாக்கிய அமெரிக்க இயக்குநர் மார்ட்டின் ஸ்கார்செஸி, தம் படத்துக்கு இத்தகைய பெருவெளியை நாடவில்லை. நியூயார்க்கிலுள்ள பழைய பீக்கன் அரங்கைத் தேர்ந்தெடுத்தார். அங்கே சுமார் 2,800 பேரே அமரலாம். 2006 அக்டோபர் 29, நவம்பர் 1 ஆகிய இரு நாட்களில் படப்பிடிப்பு நிகழ்ந்தது. 'ஷைன் எ லைட்' என்னும் அப்படம் 2008-இல் பெர்லின் திரைப்பட விழாவின் தொடக்கப் படமாகத் திரையிடப்பட்டது.

சிறிய அரங்கினால் விளைந்த பயன் யாது? பெருவெளியில் மேடைக் கலைஞர் எறும்பளவாகவே தோன்றுவர். இங்கோ, காமிராக்கள் மேடையை நெருங்கிச் சூழ்ந்து நின்றன. அடுத்து எப்பாடல், அதில் எவர் வாசிப்பு முந்தும் என்பதறிந்தாலன்றிக் காமிராவை உரிய திசையில் திருப்ப இயலாது. பாடல் பட்டியலோ கடைசி நேரம் வரை இயக்குநர் கைக்கு வந்து சேரவில்லை! அவர் படும் தவிப்பே படத்தின் நகைச்சுவையான தொடக்கம்.

அப்போது பாடகர் மிக் ஜாகருக்கு வயது 63. டிரம்ஸ் வாசித்த சார்லி வாட்ஸுக்கு 65. அவர்தம் முகச் சுருக்கங்களைப் படம் மறைக்கவில்லை. இடையிடையே அவர்களது இளமைக்காலப் பேட்டிகள் வருகின்றன. அறுபது வயதிலும் பாடுவீரா என்ற வினாவுக்கு, இளைஞரான ஜாகர் தயங்காமல் ஆம் என்கிறார். அடுத்த கணமே மூத்த ஜாகர் மேடையில் துள்ளுவதைக் காண்கிறோம். ஒரு பாடல் முடிந்ததும் வாட்ஸ் காமிராவை நோக்கிப் பெருமூச்சு விடுகிறார். அம்முழக்கத்தின் பின்னுள்ள உழைப்பு நமக்கு அப்போதுதான் புலனாகிறது.

எழுபது வயதான 'புளூஸ்' இசைக் கலைஞர் பட்டி கை, விருந்தினராக வந்து பாடும் காட்சி தனிச்சிறப்புடையது. இக்குழு தன் பெயரைப் பெற்றதே மட்டி வாட்டர்ஸ் என்னும் 'புளூஸ்' மேதையின் பாடலொன்றிலிருந்துதான். பாடல் முடிந்தவுடன் கீத் ரிச்சர்ட்ஸ் தம் கிதாரையே கழற்றி அம்முதியவருக்கு அளித்துவிடுகிறார். தாம் கற்ற மரபுக்கு அவர் செலுத்திய காணிக்கை எனலாம். கடற்கரைக் கூட்டத்தின் நடுவே நின்றவருக்கு இக்காட்சி இவ்வளவு அண்மையில் கிட்டியிராது.

சார்லி வாட்ஸ் 2021 ஆகஸ்டில் காலமானார். அவரை இனி எம்மேடையிலும் காண இயலாது. அரங்கின் அதிர்வையும் கூட்டத்தோடு கலந்த களிப்பையும் திரைப்படம் முழுமையாகத் தராது என்பது உண்மையே. எனினும், அன்று அங்கு இல்லாதவர்க்கும் அம்முகங்களை அருகில் காட்டுகிறது. வாய்ப்புள்ள நேயர்கள் இப்படத்தைக் காணும்போது, முன்னின்று பாடுபவரை மட்டுமன்றி, பின்னே அமைதியாக அமர்ந்து தாளம் காக்கும் அப்பெரியவரையும் சற்றுக் கவனிப்பார்களாக.