பிராஜெக்டுக்கு மாணவர் தேவை: நேர்காணலுக்கு முன் எழுதவேண்டிய ஒரு பக்கம்

பெங்களூரு ஆஸ்டின் டவுனுக்கு ஒரு பக்கம் லாங்ஃபோர்டு சாலை, ரிச்மண்ட் டவுன் கல்லூரிகள். மறுபக்கம் சில கிலோமீட்டரில் கோரமங்களாவின் ஸ்டார்ட்அப் அலுவலகங்கள். நீலசந்திரா, விவேக் நகரை ஒட்டிய இந்தப் பகுதியில் பல தமிழ்க் குடும்பங்கள் வாழ்கின்றன. பிசிஏ, பி.இ. படிக்கும் பிள்ளை, "ஒரு கம்பெனியில் பிராஜெக்டுக்குக் கூப்பிட்டிருக்காங்க" என்றால் வீட்டில் மகிழ்ச்சி. கூடவே கேள்விகளும் வரும். இது வேலையா, படிப்பா? பணம் தருவார்களா? செய்த வேலை யாருக்குச் சொந்தம்? ஆள் எடுக்கும் சிறு நிறுவனங்களுக்கும் இவற்றில் தெளிவு வேண்டும். அந்தத் தெளிவை நேர்காணலுக்கு முன்பே ஒரு பக்கத்தில் எழுதிவிடலாம்.

எந்தப் பெயரில் சேர்க்கிறார்கள்?

எல்லாவற்றையும் 'இன்டர்ன்ஷிப்' என்றே சொல்லிவிடுகிறோம். சட்டத்தின் பார்வையில் அவை வேறு வேறு. தனியார் நிறுவனம் மாணவரை நேரடியாக எடுக்கும் சாதாரண இன்டர்ன்ஷிப்புக்கு இந்தியாவில் தனிச் சட்டம் இல்லை. ஸ்டைபெண்ட் எவ்வளவு என்பது இரு தரப்பும் பேசி முடிவு செய்வதுதான்.

அப்ரென்டிஸ் பயிற்சிக்கு 1961ஆம் ஆண்டுச் சட்டம் இருக்கிறது. 30 பேரோ அதற்கு மேலோ வேலை செய்யும் நிறுவனங்கள், தங்கள் ஆள்பலத்தில் 2.5 முதல் 15 சதவீதம் வரை அப்ரென்டிஸ்களை எடுக்கவேண்டும். 2019இல் திருத்திய விதிகள் பட்டதாரி அப்ரென்டிஸுக்கு மாதம் 9,000 ரூபாயும், டிப்ளமோ முடித்தவருக்கு 8,000 ரூபாயும் குறைந்தபட்சத் தொகையாக நிர்ணயித்தன. தேசிய அப்ரென்டிஸ் பயிற்சித் திட்டத்தில் (NATS) பதிவு செய்தால் இதில் பாதியை மத்திய அரசு ஏற்கும். சிறு நிறுவனங்கள் பயன்படுத்திக்கொள்ள வேண்டிய வசதி இது.

மூன்றாவது, 2024 அக்டோபரில் தொடங்கிய பிரதமர் இன்டர்ன்ஷிப் திட்டம். தொடங்கியபோது பெரிய நிறுவனங்களில் 12 மாதப் பயிற்சி, மாதம் 5,000 ரூபாய். வயது வரம்பு 21 முதல் 24. முழுநேரமாகப் படித்துக்கொண்டிருப்பவர்கள் அப்போது இதில் சேர முடியவில்லை.

நேர்காணலில் என்ன கேட்கவேண்டும்?

பேச்சுத் திறமையைப் பார்த்து ஆள் எடுப்பதுதான் இங்கே அதிகம் நடக்கும் தவறு. ஃபிராங்க் ஷ்மிட், ஜான் ஹண்டர் என்ற இரு உளவியலாளர்கள், 85 ஆண்டுக் கால ஆய்வுகளைத் தொகுத்து 1998இல் கட்டுரை வெளியிட்டார்கள். மனம்போன போக்கில் நடக்கும் நேர்காணலைவிட, எல்லோரிடமும் ஒரே கேள்விகளைக் கேட்டு ஒரே அளவுகோலில் மதிப்பெண் போடும் நேர்காணல் திறமையைச் சரியாகக் காட்டும் என்பது அதில் தெரிந்தது. 2022இல் பால் சாக்கெட் குழு அந்தக் கணக்குகளைத் திருத்தியபோதும், இத்தகைய நேர்காணலே முதலிடத்துக்கு வந்தது.

செய்முறை எளிது. பிராஜெக்டுக்குத் தேவையான நான்கைந்து திறன்களை முதலில் எழுதுங்கள். ஒவ்வொன்றுக்கும் ஒரு கேள்வி. இரண்டு பேர் தனித்தனியே மதிப்பெண் போடட்டும். "காலேஜில் செய்த பிராஜெக்ட் எந்த இடத்தில் வேலை செய்யாமல் நின்றது? எப்படிச் சரி செய்தாய்?" என்று கேளுங்கள். காசு கொடுத்து ரெடிமேட் பிராஜெக்ட் வாங்கியவரால் இதற்கு விரிவாகப் பதில் சொல்ல முடியாது. பதிலை ஆங்கிலத்தில்தான் சொல்லவேண்டும் என்று கட்டாயப்படுத்தாதீர்கள். தமிழிலோ கன்னடத்திலோ தெளிவாக விளக்குகிறவருக்கு விஷயம் தெரிந்திருக்கிறது என்றுதான் பொருள்.

சின்னதாக ஒரு வேலை கொடுத்துப் பார்ப்பதும் நல்ல வழி. அது ஒன்றிரண்டு மணி நேரத்தில் முடியவேண்டும். வாடிக்கையாளரின் நிஜ வேலையைத் 'தேர்வு' என்ற பெயரில் பத்து மாணவர்களிடம் பிரித்துக் கொடுத்து முடித்துக்கொள்வது உழைப்புத் திருட்டு.

எழுதிய நிரல் யாருக்குச் சொந்தம்?

1957ஆம் ஆண்டுப் பதிப்புரிமைச் சட்டத்தின் 17ஆம் பிரிவு, பணி ஒப்பந்தத்திலோ அப்ரென்டிஸ் ஒப்பந்தத்திலோ உருவானது, மாற்று ஒப்பந்தம் இல்லாதபோது, நிறுவனத்துக்கே சொந்தம் என்கிறது. சாதாரண இன்டர்ன் இந்த இரண்டிலும் அடங்குவாரா என்பதில் வழக்குக்கு இடமுண்டு. அதனால் உரிமையை எழுத்தில் வைத்துக்கொள்வதே இருவருக்கும் பாதுகாப்பு.

பலரும் மறந்துவிடும் ஒன்று வைவா எனும் வாய்மொழித் தேர்வு. வெளியே எதையும் காட்டமாட்டேன் என்று மாணவர் கையெழுத்துப் போட்டுவிடுகிறார். பிறகு கல்லூரியில் கைடு கேட்கும்போது காட்ட எதுவும் இருப்பதில்லை. அறிக்கையில் எதைச் சேர்க்கலாம், ரெஸ்யூமேயில் எதைப் போடலாம் என்பதை முதல் நாளே கேட்டுவிடுங்கள்.

மாணவிகளுக்கு ஒரு செய்தி. பணியிடப் பாலியல் துன்புறுத்தலுக்கு எதிரான 2013ஆம் ஆண்டுச் சட்டம் பயிற்சியாளர்களுக்கும் பொருந்தும். 10 பேரோ அதற்கு மேலோ உள்ள அலுவலகத்தில் புகார்க் குழு இருந்தாகவேண்டும்.

படிப்போடு சேர்ந்த பயிற்சிக்கு நல்ல முன்மாதிரிகள் உண்டா?

உண்டு. அமெரிக்காவின் சின்சினாட்டி பல்கலைக்கழகத்தில் ஹெர்மன் ஷ்னைடர், வகுப்பறையும் தொழிற்சாலையும் மாறி மாறி வரும் படிப்பை 1906இலேயே தொடங்கினார். கோவை பி.எஸ்.ஜி. தொழில்நுட்பக் கல்லூரியின் ஐந்தாண்டு 'சாண்ட்விச்' படிப்பில் தொழிற்கூடப் பயிற்சி பாடத்தோடு சேர்ந்தே வருகிறது. பிலானி பிட்ஸ் நிறுவனத்தின் 'பிராக்டிஸ் ஸ்கூல்' 1973 முதல் நடக்கிறது. அங்கே மாணவரைக் கண்காணிக்கும் பொறுப்பு கல்லூரிக்கும் கம்பெனிக்கும் பொதுவானது. மூன்றிலும் பயிற்சி என்பது படிப்பின் ஓர் அங்கம். மாணவரைக் கம்பெனியிடம் விட்டுவிட்டுக் கல்லூரி ஒதுங்கிக்கொள்வதில்லை.

அந்த ஒரு பக்கத்தில் என்ன இருக்கவேண்டும்?

தொடங்கும் நாள், முடியும் நாள். வார மணி நேரம், தேர்வுக் கால விடுப்பு. ஸ்டைபெண்ட் எவ்வளவு, எந்தத் தேதியில். வழிகாட்டும் ஊழியரின் பெயர். செய்யவேண்டிய வேலை. உரிமை யாருக்கு, வைவாவில் எதைக் காட்டலாம். முடிவில் சான்றிதழ். இவ்வளவுதான். நேர்காணலுக்கு முன்பே இதை எழுதிவைக்காத நிறுவனம் ஆள் எடுக்க இன்னும் தயாராகவில்லை.

பெற்றோருக்கும் மாணவர்களுக்கும் ஒரு வார்த்தை. பதிவுக் கட்டணம், பயிற்சிக் கட்டணம், டெபாசிட் என்று எந்தப் பெயரில் பணம் கேட்டாலும் எழுந்து வந்துவிடுங்கள். வேலை கொடுப்பவர் பணம் கேட்கமாட்டார். அசல் மதிப்பெண் சான்றிதழ்களையும் யாரிடமும் ஒப்படைக்காதீர்கள். நகல் கொடுத்தால் போதும்.