கார்த்திகைச் சீரும் ஓலைப் பெட்டியும்

உப்பூர் என்றதும் நம் பக்கத்தாருக்கு நினைவுக்கு வருபவர் வெயிலுகந்த விநாயகர். கருவறைக்கு மேற்கூரை இன்றி, வெயிலையும் மழையையும் தம் திருமேனியிலேயே ஏற்றுக்கொண்டு வீற்றிருக்கும் பிள்ளையார் அவர். இராமபிரான் சேதுவுக்குச் செல்லும் வழியில் இவரை வணங்கிச் சென்றார் என்பது தல வரலாறு. தேவிபட்டினத்திலிருந்து தொண்டி நோக்கிக் கிழக்குக் கடற்கரைச் சாலையில் செல்வோர் இவ்வூரைக் கடந்தே செல்ல வேண்டும். ஒரு புறம் பாக் நீரிணைக் கடல், மறு புறம் வானம் பார்த்த வயல்கள், வரப்புகளில் பனை. இந்தப் பனையைப் பற்றியே இம்மாதம் அங்கத்தினர்களுடன் சிறிது பேச விரும்புகிறோம். ஆனால் பேச்சு ஒரு செலவுச் சீட்டிலிருந்து தொடங்க வேண்டியிருக்கிறது.

சென்ற ஆண்டு தீபாவளி கழிந்த பின்னர் இவ்வட்டாரத்துச் சங்கம் ஒன்றின் கணக்கைத் தணிக்கை செய்தோம். அங்கத்தினர்களுக்கு வழங்கிய இனிப்புக்காக நகரத்திலிருந்து 240 அட்டைப் பெட்டிகள் வாங்கியிருந்தார்கள். பெட்டி ஒன்று 18 ரூபாய். ஆக 4,320 ரூபாய். விலைப்புள்ளிகள் மூன்று இருந்தன, ரசீது இருந்தது, தீர்மானமும் இருந்தது. குறை காண ஒன்றுமில்லை. பச்சை மையால் குறியிட்டுவிட்டு வெளியே வந்தோம்.

சங்கக் கட்டிடத்துக்கு எதிர் வீட்டுத் திண்ணையில் முதிய அம்மையார் ஒருவர் அமர்ந்து ஓலைப் பெட்டி முடைந்துகொண்டிருந்தார். இச்சங்கத்தின் அங்கத்தினர்தாம். "யாருக்கு அம்மா இந்தப் பெட்டி?" என்று கேட்டோம். "கார்த்திகைக்கு மகளுக்குப் பொரி கொண்டு போகணும் தம்பி. அட்டைப் பெட்டியிலே கொடுத்தா மழைக்கு நமுத்துப் போகுமே!" என்றார். காரியதரிசியைத் திரும்பிப் பார்த்தோம். அவர் தயங்காமல் விடை கூறினார்: "அவர்களிடம் வாங்க எங்களுக்கும் ஆசைதான். ஆனால் அவர்களிடம் பில் கிடையாது. பில் இல்லாமல் வாங்கினால் தணிக்கையில் தாங்களே ஆட்சேபிப்பீர்கள்."

உண்மை. நாமே ஆட்சேபித்திருப்போம். எதிர் வீட்டுக்குப் போக வேண்டிய பணத்தை நகரத்துக்கு அனுப்பியதில் நம் பச்சை மைக்கும் பங்குண்டு என்று அன்று உணர்ந்தோம்.

பரிசுக்கென்று வீட்டிலேயே பண்டம் செய்வதும், கையால் ஒரு பெட்டியோ விளையாட்டுப் பொருளோ செய்து அதில் வைத்துக் கொடுப்பதும் உலகெங்கும் உள்ள வழக்கம். மேலை நாடுகளில் அக்டோபர் 31ஆம் நாள் இரவை ஹாலோவீன் என்று கொண்டாடுகிறார்கள். அயர்லாந்திலும் ஸ்காட்லாந்திலும் டர்னிப் கிழங்கைக் குடைந்து விளக்கு வைத்த வழக்கம், அமெரிக்கா சென்று பூசணிக்காயாக மாறிற்று. பிள்ளைகள் வீடு வீடாகச் சென்று இனிப்புக் கேட்பார்கள். தாய்மார்கள் காகிதப் பையில் போட்டுக் கொடுப்பார்கள். நம் நகரத்துப் பள்ளிகள் சிலவற்றில் இப்பொழுது இதுவும் நடைபெறுகிறது. நடக்கட்டும், அதில் நமக்கு வருத்தமில்லை. ஆனால் விளக்கும், பண்டமும், பிள்ளைகளின் நெருப்பு விளையாட்டும், கையால் செய்த பரிசும் ஒன்றுகூடும் திருநாள் நம்மிடமே இருக்கிறது. அதுவே திருக்கார்த்திகை. உடன்பிறந்தான் தன் சகோதரிக்கும், தாய் வீட்டார் மணமாகிச் சென்ற மகளுக்கும் கொண்டு செல்லும் கார்த்திகைச் சீர் பல குடும்பங்களில் இன்றும் உண்டு. அச்சீரில் என்ன இருக்க வேண்டும், அதை எதில் வைத்துக் கொடுக்க வேண்டும் என்பதே இங்கு நாம் சொல்ல வந்தது.

முதலில் பொரி உருண்டை. பொரி எட்டுப் பங்குக்குத் தூளாக்கிய வெல்லம் ஒரு பங்கு போதும். வெல்லத்தைச் சிறிது நீரில் கரைத்து, மண் போக வடிகட்டி, பாகு காய்ச்சவேண்டும். ஒரு சொட்டை எடுத்துக் குளிர்ந்த நீரில் விட்டு உருட்டினால் கெட்டியாக உருண்டு, தட்டில் போட்டால் 'டங்' என்று ஒலிக்க வேண்டும். இந்தப் பதம் தவறினால் உருண்டை மறுநாளே உதிர்ந்துவிடும். பொரியைக் கொட்டி, தேங்காய்ப் பல்லும் பொட்டுக்கடலையும் ஏலப்பொடியும் சேர்த்துக் கிளறி, கையில் அரிசி மாவு தொட்டுக்கொண்டு சூடு ஆறுமுன் பிடித்துவிட வேண்டும். வெல்லத்துக்குப் பதில் கருப்பட்டி சேர்க்கலாமா என்று கேட்பார்கள். கருப்பட்டி காற்றின் ஈரத்தை விரைவில் இழுத்துக்கொள்ளும். கார்த்திகை மாதமோ மழை மாதம். ஆகவே வெளியூர் செல்லும் உருண்டைக்கு வெல்லமே நல்லது என்பது நம் அபிப்பிராயம்.

கருப்பட்டிக்கு உரிய இடம் ஓலைக் கொழுக்கட்டை. தென் மாவட்டங்களில் கார்த்திகையன்று இதன் மணம் தெருவெல்லாம் வீசும். அரிசி மாவு 400 கிராம், கருப்பட்டி 250 கிராம், வறுத்து உடைத்த பாசிப்பயறு ஒரு கைப்பிடி, ஒரு மூடித் தேங்காயின் துருவல், சுக்குப் பொடியும் ஏலப்பொடியும் சிறிது. கருப்பட்டியைக் கரைத்து வடிகட்டிக் கொதிக்கவைத்து, அதை மாவில் சிறிது சிறிதாக விட்டுப் பிசைய வேண்டும். கையில் ஒட்டாத பதம் வந்ததும், கழுவித் துடைத்த குருத்தோலையின் மடிப்பில் நீளவாக்கில் வைத்து, மேலே இன்னொரு ஓலையால் மூடி, ஓலை நாரால் கட்டி, ஆவியில் இருபது இருபத்தைந்து நிமிடம் வேகவைத்தால் போதும். ஓலையின் மணம் மாவில் இறங்கிவிடும். இது மறுநாள் வரை தாங்குவது அரிது. உள்ளூர்ச் சகோதரிக்குக் கொழுக்கட்டை, வெளியூர்ச் சகோதரிக்குப் பொரி உருண்டை என்று வைத்துக்கொள்ளலாம்.

இனிப் பெட்டி. இதை நெசவாளர்க்குக் கற்பிக்க வேண்டியதே இல்லை. பரமக்குடியிலும் எமனேஸ்வரத்திலும் தறியில் அமர்ந்திருப்போர் ஓலையைக் கையில் எடுத்தால் தங்கள் தொழிலையே காண்பார்கள். நெடுக்கே போவது பாவு, குறுக்கே போவது ஊடை, அவ்வளவுதான். நிழலில் உலர்த்திய ஓலையை ஈர்க்கு நீக்கி, ஒரு விரல் அகலத்துக்குக் கிழித்து, அரை மணி நேரம் நீரில் ஊறவைக்க வேண்டும். நான்கு ஓலை நெடுக்கே, நான்கு குறுக்கே, ஒன்று மேல் ஒன்று கீழாகக் கோத்தால் நடுவில் சதுரம் அமையும். அதுவே அடிப்பாகம். எஞ்சிய நுனிகள் பதினாறையும் மேல்நோக்கி மடக்கி நிறுத்தி, வேறு ஓலையைச் சுற்றிலும் கோத்துச் சுவர் எழுப்ப வேண்டும். ஒவ்வொரு சுற்றுக்கும் தனி ஓலை கொள்ளவேண்டும். நுனிகள் இரட்டைப்படையாக இருப்பதால், ஒரே ஓலையைத் தொடர்ந்து சுற்றினால் இரண்டாம் சுற்றிலும் அதே நுனிகளின் மேலேயே வந்து விழும், பின்னல் பிடிக்காது. உயரம் வந்ததும் நுனிகளை உட்புறமாக மடித்துப் பின்னலுக்குள் செருகிவிடலாம். மூடியும் இதே முறைதான். ஆனால் ஓலையை ஒரு நூலிழை அகலம் கூடுதலாகக் கிழிக்க வேண்டும். அப்போதுதான் மூடி பெட்டியின்மேல் இறங்கும்.

பெட்டியைக் கட்டக் கடையில் ரிப்பன் வாங்க வேண்டாம். பாவு முடியும்போது நெய்ய இயலாமல் தறியில் எஞ்சும் நூலை மூன்றாகப் பிரித்துச் சடைபோல் பின்னினால் அழகிய கயிறு கிடைக்கும். பண்டம் வைக்கும் பெட்டிக்கு ஓலையில் சாயம் ஏற்றுவதை நாம் பரிந்துரைக்கமாட்டோம். ஈரம் பட்டால் சாயம் பண்டத்தில் இறங்கும். நிறம் வேண்டுமெனில் கயிற்றிலேயே இருக்கட்டும்.

காகித வேலையையும் விட்டுவிடக் கூடாது. அது பிள்ளைகளின் பங்கு. பழைய மாத நாட்காட்டியின் தாள் கனமானது. அதை மடித்து, சோற்றுக் கஞ்சியால் ஒட்டினால் அகல்விளக்குகள் வைத்துக் கொடுக்க நல்ல பை கிடைக்கும். ஆனால் அச்சு மை உள்ள தாளில் உண்ணும் பண்டத்தை நேரே வைக்கலாகாது. செய்தித்தாளில் உணவு பொதிவது உடல்நலத்துக்குக் கேடு என்று இந்திய உணவுப் பாதுகாப்பு மற்றும் தர நிர்ணய ஆணையம் 2016ஆம் ஆண்டே எச்சரித்திருக்கிறது. பிளாஸ்டிக் பைக்கோ 2019 ஜனவரி 1 முதல் தமிழ்நாட்டில் தடை. ஆகவே பண்டத்துக்கு ஓலை, விளக்குக்குக் காகிதம் என்று பிரித்துக்கொள்வது உத்தமம். மிஞ்சும் தாளைச் சதுரமாக வெட்டி, நான்கு மூலையிலிருந்தும் நடுவை நோக்கிக் கத்தரித்து, ஒன்று விட்டு ஒரு முனையை நடுவில் மடக்கி, கருவேல முள்ளால் ஓலை ஈர்க்கின் நுனியில் குத்தினால் காற்றாடி. உப்பூர்க் கடற்காற்றுக்கு அது நிற்கவே நிற்காது.

பெரிய பிள்ளைகளுக்கு மாவலி. ஆண் பனையின் பூம்பாளையைக் குழியிலிட்டு எரித்து, தணல் நீறாகுமுன் மண்ணால் மூடிக் கரியாக்கி, அரைத்து, சிறிது உப்புக் கலந்து துணியில் உருளையாகச் சுற்றி, பிளந்த பனை மட்டைகளுக்கிடையே வைத்துக் கட்டி, கயிற்றில் பிணைத்துச் சுழற்றினால் பொறி பூவாய்ச் சொரியும். துணி பருத்தியாகவே இருக்க வேண்டும். செயற்கை இழை உருகிக் கையில் ஒட்டிக்கொள்ளும். வைக்கோற் போரும் கூரை வீடும் அருகில் இல்லாத திடலில், பெரியவர் ஒருவர் உடனிருக்கையில் மட்டுமே சுழற்ற வேண்டும்.

இவ்வளவும் பனை தரும் கொடை. ஒரு மரம் ஆண்டுக்கு ஏறத்தாழ ஒரு டஜன் ஓலைதான் விடும். குருத்தையே மீண்டும் மீண்டும் வெட்டினால் மரம் நலியும். பெட்டிக்குக் குருத்துதான் வேண்டுமென்பதில்லை. விரிந்து முதிராத ஓலையே போதும். மழை தொடங்குமுன் ஆடி, ஆவணியிலேயே வெட்டி உலர்த்தி வைப்பவர்களுக்குக் கார்த்திகையில் கவலையில்லை. ஐப்பசியில் வெட்டிய ஓலை பூசணம் பூக்கும்.

விலைக் கணக்கைப் பற்றியும் ஒளிவின்றிச் சொல்லிவிடுகிறோம். அந்த அம்மையாரைக் கேட்டதில், மூடியுடன் ஒரு பெட்டிக்கு ஒரு மணி நேரம் ஆகும் என்றார். நாள் ஒன்றுக்கு எட்டுப் பெட்டி. அட்டைப் பெட்டியின் விலையான 18 ரூபாயையே அவருக்கும் கொடுத்தால் நாட்கூலி 144 ரூபாய்தான். ஊரக வேலை உறுதித் திட்டத்தில் தமிழ்நாட்டுக்கு 2024-25ஆம் ஆண்டில் குறிக்கப்பட்ட நாட்கூலியே 319 ரூபாய். அதற்கு ஈடாக வேண்டுமெனில் பெட்டிக்கு 40 ரூபாயாவது தர வேண்டும். அப்படியானால் 240 பெட்டிக்கு 9,600 ரூபாய்; முன்னதைவிட 5,280 ரூபாய் கூடுதல். ஓலைப் பெட்டி மலிவு என்று சொல்லி அங்கத்தினர்களை ஏமாற்ற நமக்கு விருப்பமில்லை. அது மலிவல்ல. அட்டைப் பெட்டி அன்றே குப்பைக்குப் போகும். ஓலைப் பெட்டி சில ஆண்டுகள் அஞ்சறைப் பொருளையோ விதையையோ தாங்கும். கூடுதல் தொகையும் அங்கத்தினர் வீட்டுக்கே போகும். செட்டிநாட்டுக் கொட்டான் புவிசார் குறியீடு பெற்று நல்ல விலைக்குப் போவதும் இத்தகைய கைவேலைக்கு மதிப்புண்டு என்பதைக் காட்டுகிறது. எனினும் முழுத் தொகையையும் ஒரே ஆண்டில் மாற்றச் சங்கத்தின் நிதி இடம் தருமா என்பதை அந்தந்த நிர்வாகக் குழுவே பார்க்க வேண்டும்.

பில் பற்றிய தடைக்கு நாம் சொன்ன வழி இது. நிர்வாகக் குழு முன்கூட்டியே விலையையும் எண்ணிக்கையையும் தீர்மானமாக நடவடிக்கைப் புத்தகத்தில் எழுதிக்கொள்ளட்டும். முடைந்தவரின் பெயர், அங்கத்தினர் எண், பெட்டிகளின் எண்ணிக்கை, தொகை, கையொப்பம் அல்லது கைரேகை ஆகியவை அடங்கிய பட்டியல் ஒன்று இருக்கட்டும். பெட்டிகளை எண்ணி வாங்கியவர் அதன் கீழ் ஒப்பமிடட்டும். இவ்வளவு இருந்தால் நாம் ஆட்சேபிப்பதற்கில்லை என்று காரியதரிசியிடம் கூறினோம். "எழுதித் தருவீர்களா?" என்று கேட்டார். அனுபவசாலி! தணிக்கைக் குறிப்பிலேயே எழுதிக் கொடுத்தோம்.

அச்சங்கத்தார் இவ்வாண்டு சோதனையாகக் கார்த்திகைக்கு 60 பெட்டிகள் மட்டும் வாங்கத் தீர்மானித்திருக்கிறார்கள், 2,400 ரூபாய். ஐந்து பெண் அங்கத்தினர்கள் ஆளுக்குப் பன்னிரண்டாக ஏற்றுக்கொண்டிருக்கிறார்கள். ஓலை ஆடியிலேயே வெட்டி உலர்ந்துவிட்டது. மாதிரிக்காக முடைந்த முதல் பெட்டியை நம்மிடம் காட்டினார்கள். மூடி இறுகிவிட்டது, திறக்க இருவர் வேண்டியிருந்தது. "அடுத்ததில் மூடி ஓலையை இன்னும் கொஞ்சம் அகலமாகக் கிழிக்கிறேன்" என்று அந்த அம்மையார் அதைப் பிரித்து மீண்டும் நீரில் ஊறப்போட்டார்.